விரிசல் இலாகா

எந்தக் குடும்பத்திலும் இலாகாக்கள் எழுத்தில் இல்லாமலே பிரிந்திருக்கும். நிதி, உள்துறை, உணவு, உறவினர் விவகாரம் நான்கும் என் மனைவியிடம். கேஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறப்பது, கல்யாணப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்குவது, வானத்தைப் பார்த்து மழை வராது என்று அறிவிப்பது ஆகியவை என்னிடம். ஒரு காலத்தில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவையே நடுங்க வைத்தவன் நான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் இலாகா இல்லாத மந்திரி ஆனேன். அந்த நிலையில்தான், கேட்காமலே எனக்குக் கனமான துறை ஒன்று கிடைத்தது. தையல் மிஷின் பெடலில் ஒரு விரிசல்.

மிஷின் என் மனைவியின் அம்மிச்சி பொள்ளாச்சியில் வாங்கியது. சிங்கர். அதுவும் மாதத் தவணையில். சிங்கர் கம்பெனி 1856லேயே தவணை முறையைத் தொடங்கிவிட்டதால், எங்கள் குடும்பத்துக் கடனுக்கு ஒரு சர்வதேசப் பாரம்பரியம் உண்டு. அம்மிச்சியிடமிருந்து மாமியாருக்கும், மாமியாரிடமிருந்து என் மனைவிக்கும் அது இறங்கி வந்தது. இந்த வாரிசு வரிசையில் மாப்பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. சுமந்து வருவதற்கு மட்டும் இடம் உண்டு.

பொள்ளாச்சி வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவானபோது மிஷினைக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தோம். தலையைத் தனியாகக் கழற்றாமல், ஸ்டாண்டோடு நாலு பேர் தூக்கினார்கள். ஒரு மிஷினில் எதைப் பிடிக்கக் கூடாதோ அதைச் சரியாகக் கண்டுபிடித்துப் பிடிப்பது, தூக்குகிறவர்களுக்குப் பிறவியிலேயே வாய்க்கும் ஞானம். குட்டியானையில் ஏறி, கிணத்துக்கடவு வழியாக வந்து, வழியிலிருந்த வேகத்தடைகள் எல்லாவற்றுக்கும் தலைவணங்கி, வாசலில் இறங்கியபோது பெடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். பெடலை மிதித்தால் அது ஆட, அந்த ஆட்டத்தை ஒரு ராடு பெரிய சக்கரத்துக்குக் கொண்டுபோகும். அந்த ராடு வந்து மாட்டுகிற காதுக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது.

"ஏனுங்க, என்னங்க அது?"

"விரிசல்" என்றேன். பதவிப் பிரமாணம் அத்தோடு முடிந்தது.

மிஷினுக்கு ஒரு பூர்வீகம் உண்டென்று வீட்டில் நிறுவுவதே என் முதல் நடவடிக்கை. பூர்வீகம் பெரிதானால் விரிசல் பெரிதாகும். விரிசல் பெரிதானால் அதற்குப் பொறுப்பானவன் பெரிதாவான். இதற்காகவே ஒரு புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். மிஷினின் அடித்தட்டில் பொறித்திருந்த எண் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியது. அப்படியென்றால், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் கம்பெனிக்கு இருந்த ஆலையில், 1920களிலோ 30களின் முற்பாதியிலோ அது பிறந்திருக்கிறது. லேசுப்பட்ட ஆலை அல்ல அது. 1913ல் மட்டும் சுமார் 13 லட்சம் மிஷின்களை வெளியே அனுப்பியது. நாலு பக்கமும் முகம் வைத்த ராட்சதக் கடிகாரக் கோபுரம் ஒன்று அதற்கு இருந்தது. 1980ல் ஆலையை மூடிவிட்டார்கள். பக்கத்திலிருந்த ரயில் நிலையம் மட்டும் சிங்கர் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.

இவ்வளவையும் இரவுச் சாப்பாட்டின்போது, தோசை ஆறுவதைப் பொருட்படுத்தாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்ட மனைவி, "அந்த ஸ்டேஷன்ல பெடல் கெடைக்குங்களா?" என்றாள்.

மறுநாள் காந்தியைத் துணைக்கு அழைத்தேன். இயந்திரங்களைப் பற்றி அவருக்கு இருந்த கடுமையான கருத்துகள் ஊரறிந்தவை. ஆனால் 1924ல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் இதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் காந்தி விலக்குக் கொடுத்தார். கையால் தைத்துத் தைத்து மனைவி அலுத்துப்போவதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் கொண்ட அன்பினால் உண்டாக்கிய கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி கேட்ட அந்த இளைஞர்தான் பிற்பாடு, தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் 1947ல் காந்திகிராமத்தை உருவாக்கியவர். "ஆக, ஒரு கணவனின் அன்பிலிருந்து பிறந்த மிஷின் இது" என்று குரலைத் தாழ்த்தி முடித்தேன்.

எங்கள் மகள் அதற்குள் போனில் எதையோ தேடி முடித்திருந்தாள். ஐசக் சிங்கர் நாடக நடிகராகவும் ஊர் சுற்றியவர். 1851ல் காப்புரிமை வாங்கினார். பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனானார்.

"எந்த மனைவி மேல அன்புங்கப்பா?" என்றாள்.

காந்தியிடம் இந்தக் கேள்வியைக் கேட்க ராமச்சந்திரனுக்குத் தோன்றவில்லை. நல்ல பண்புள்ள இளைஞர்.

பூர்வீகம் கைகொடுக்காததால் விஞ்ஞானத்துக்கு மாறினேன். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி இருக்கிறது. உருக்கி ஊற்றிய இரும்பு மெல்ல ஆறும்போது, அந்தக் கரியில் பெரும்பகுதி பென்சிலுக்குள் இருக்கும் அதே கிராஃபைட்டாக, மெல்லிய செதில்களாக உள்ளே படிகிறது. இதனால் நன்மைகள் பல. உருகிய இரும்பு தண்ணியாக ஓடி, பெடலில் இருக்கும் பூப்பின்னல் வரைக்கும் போய் நிரம்பும். ஆறிய பிறகு ரம்பத்துக்கும் துளைக்கருவிக்கும் இணங்கும். அதிர்வை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு செதிலும் இரும்புக்குள் பிறவியிலேயே இருக்கிற ஒரு வெட்டு. எதிரெதிராகப் பிடித்து இழுத்தால் செதிலின் நுனியில் பிளவு தொடங்கி, அடுத்த செதிலைத் தேடிப் போகும். அழுத்தத்தைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் இழுவையைத் தாங்கும். வளையாது. முன்னறிவிப்பு தராது. பட்டென்று முறியும். என் மனைவி அவள் தங்கையிடம் என்னைப் பற்றிச் சொல்கிற விவரங்களும் ஏறக்குறைய இவைதான்: அமுக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குவார், ஒரு வளைகாப்புக்கு வாங்க என்று இழுத்தால் முறிந்துவிடுவார்.

இதற்குள் விரிசல் புகழ் பெற்றிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களைக் காப்பிக்கு முன்பாகவே மிஷினடிக்கு அழைத்துப் போவேன். டார்ச் அடிப்பேன். ஸ்டவ் காலத்திலிருந்து மிச்சமிருந்த மண்ணெண்ணெயை விரிசல்மேல் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசுவேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே புகுந்த எண்ணெய் மேலே கசிந்து, வெள்ளைப் பொடியில் விரிசலின் முழு நீளமும் கோடாகத் தெரியும். மோட்டார், பம்பு ரிப்பேர் செய்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற சோதனை இது. என் வீட்டில் அது வெள்ளி, சனி, ஞாயிறு நடத்தும் காட்சியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "இவ்வளவு தெரிஞ்சவரு இருக்கறப்ப மிஷினுக்கு என்ன கவலை" என்றார். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அதுதான் என்பதால், அவருக்கு மட்டும் இரண்டாவது காப்பி கிடைத்தது.

மனைவிக்கு வேறு கவலை. "காட்சியெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங். ப்ளவுஸ் எப்பத் தெக்கறது?"

செயல்பட வேண்டிய கட்டாயம் வந்தது. என் கருவிப் பெட்டியை இறக்கினேன். அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதில் பிடி கழன்ற ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, பிடி மட்டும் ஒன்று, பூட்டுகள் காலமாகிவிட்ட சாவிகள், எதிலிருந்து வந்தன என்று தெரியாத நட்டுகள், ஒரு வளைந்த ஆணிப் பொட்டலம் ஆகியவை உண்டு. அதை நான் திறக்கும் நாட்களில் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வேறு எதுவோ ஒன்று நின்றுவிடும் என்று ஒரு வதந்தி உண்டு. மிக்ஸி மூடி, குளியலறைக் குழாய், கூடத்து ஃபேனின் ரெகுலேட்டர் ஆகியவற்றைச் சாட்சிக்கு அழைப்பார்கள். மூன்றும் தற்செயல்.

முதலில் பசை. இரண்டு டியூபைச் சரிபாதியாகக் கலக்கிப் பூசினால் இரும்பையும் இரும்பையும் ஒட்டும் என்பது உண்மைதான், இரும்பு சுத்தமாக இருந்தால். எங்கள் பெடல் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக மிஷின் எண்ணெய் குடித்து வளர்ந்தது. விரிசலுக்குள்ளும் கிராஃபைட் செதில்களுக்கு இடையிலும் எண்ணெய் ஊறிக் கிடந்தது. போதாததற்கு, என் காட்சிகளின் மண்ணெண்ணெய் வேறு. துடைக்கத் துடைக்கக் கசிந்தது. தவிர, அந்தக் காது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தரம் மேலே இழுபட்டு, ஒரு தரம் கீழே இழுபடுகிற இடம். பசை மூன்று ஜாக்கெட் கைகள் வரைக்கும் தாங்கிவிட்டு விடைபெற்றது. கலக்குவதற்குப் பயன்படுத்திய எவர்சில்வர் ஸ்பூனும் தட்டும் மட்டும் இன்றுவரை பிரியவில்லை.

பிறகு தெருமுனை கிரில் பட்டறை. அங்கிருந்த தம்பி பெடலை வாங்கிச் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டான். முழு வார்ப்பு மணியோசை தரும். விரிசல் விட்டது மொத்தென்று சொல்லும். "காஸ்ட் அயர்னுங்க சார். சாதா ராடு போட்டுப் பத்த வச்சா ஒட்டிக்கும். ஆறுறப்ப பக்கத்துல டிக்குனு ஒரு சத்தம் கேக்கும். நம்ம வெல்டிங் அப்படியே இருக்கும், அதுக்குப் பக்கத்துல பொளந்திருக்கும். நானே வேண்டாம்ங்கறேன்."

அதன் காரணத்தை அவனுக்கு விளக்குவது என் கடமையாகப்பட்டது. ஓரிடத்தை மட்டும் உருகும் அளவு சூடாக்கினால், பற்றவைத்த இடத்தை ஒட்டியிருக்கும் இரும்பு கரியைக் கரைத்துக்கொண்டு, சட்டென்று ஆறும்போது கண்ணாடித் தன்மைக்கு இறுகிவிடும்; உருகிய இடமோ ஆறும்போது சுருங்கி இழுக்கும்; சுற்றிலும் குளிர்ந்த இரும்பு விட்டுக்கொடுக்காது; ஆகவே பலவீனமான இடத்தில் பிளக்கும் என்று கையசைத்து விவரித்தேன். நிக்கல் ராடு கொண்டு, ஓரங்குலம் ஓரங்குலமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டோடு சூடாகச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த இழுவையைத் தணிப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

"அதத்தானுங்க நானும் சொன்னேன்" என்றான் தம்பி. அவனுக்கு ஒரு கேட் காத்திருந்தது.

மைத்துனர் போனில் வந்தார். "மச்சான், எதுக்கு இந்தப் பாடு? உக்கடத்துல பழைய இரும்புக் கடையில போய்ப் பாருங்க. பெடல் குமிஞ்சு கிடக்கும்."

தனியாகப் போனேன். குவிந்துதான் கிடந்தது. உள்ளூரில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பெண்களின் பாதம் தேய்த்த பெடல்கள். கடைக்காரர் "எத்தனை கிலோ?" என்றார். கிளைட்பேங்க் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் எங்கள் மிஷினையே எடைக்கு எடுத்துக்கொள்வதாக அன்போடு சொன்னார். குவியலில் கைவிட்டுத் தேடியதில் ஒரு பெடல் அகப்பட்டது. நீளம் சரி. அகலம் சரி. இரண்டு பக்கமும் கூர்முனைத் திருகுகள் உட்காருகிற குழிகள் சரி. காது முழுசாக இருந்தது.

அதுதான் சிக்கல். அதை வாங்கினால் அன்று சாயங்காலமே மிஷின் ஓடும். மிஷின் ஓடினால் டார்ச் எதற்கு, மண்ணெண்ணெய் எதற்கு, நான் எதற்கு? பெடலைக் குவியலிலேயே மரியாதையாக வைத்துவிட்டு வீடு திரும்பி, "பின்னலில் ஒரு இதழ் மாறுகிறது. பழம்பொருளின் தூய்மை கெட்டுவிடும்" என்று அறிக்கை வாசித்தேன். தூய்மை என்ற சொல்லை மனைவி நின்று கவனித்தாள். என் பனியனைப் பார்த்தாள். போய்விட்டாள்.

கோயமுத்தூரில் இருந்துகொண்டு இதைச் செய்ததுதான் என் சாதனை. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937லேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. நாட்டின் வயல்களுக்குப் பம்புசெட்டும் வீடுகளுக்குக் கிரைண்டரும் இங்கிருந்து போகின்றன. பம்பின் உடம்பு, மோட்டாரின் கூடு எல்லாம் வார்ப்புதான். இரும்பை உருக்கி ஊற்றுவதையும், ஊற்றியது உடைந்தால் ஒட்டுவதையும் தொழிலாகக் கொண்டவர்கள் பீளமேட்டிலும் கணபதியிலும் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வார்ப்பிரும்பின் குணாதிசயங்களைப் பற்றி உரை நிகழ்த்திக்கொண்டிருந்தவன் நான் ஒருவனே.

இலாகாவைக் கலைத்தது பூக்காரம்மா. அவர் அண்ணன் கணபதிப் பக்கம் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார் என்ற செய்தி, முல்லைப்பூ முழம் போட்ட நேரத்துக்குள் என் மனைவிக்குக் கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஸ்பேனர் இரவல் வாங்கி, பெடலின் இரண்டு பக்கத் திருகையும் தளர்த்திக் கழற்றி, ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பியபோதுதான் எனக்குத் தகவல் தெரியும். தொழில்நுட்ப ஆலோசகராக நானும் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

பட்டறைக்காரர் பேசுகிற ஆள் இல்லை. நான் பேசுகிற ஆள். இருவருக்கும் நல்ல பொருத்தம். அவர் முதலில் விரிசலின் இரண்டு நுனியையும் தேடினார். தேடுவதற்கு அவரும் மண்ணெண்ணெய், சாக்பீஸ்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "நானும் இப்படித்தான்…" என்று தொடங்கினேன். "சாமி, வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க" என்றார்.

கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஓட்டை போட்டார். "விரிசல் நடந்துட்டே இருக்குமுங்க. முன்னால போய் ஒரு குழி வெட்டி வச்சா அங்கயே நின்னுக்கும்" என்பது அவர் தந்த முழு விளக்கம். கூர்மையான நுனியில் குவியும் இழுவை, வட்டமான ஓட்டையில் பரவிவிடுகிறது என்று நான் அரைமணி நேரம் சொல்வதை அவர் ஒரு குழியில் முடித்துவிட்டார். பிறகு கோட்டின் நெடுகிலும் அரத்தால் தேய்த்து, வாய்க்கால் எடுத்தார். பக்கத்தில் கிரைண்டர் மெஷின் சும்மா கிடந்தது. ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்டேன். "கரி பூசிக்கும். பித்தளை பிடிக்காது" என்றார். உண்மைதான். சுழல்கல் செதில்களைத் தேய்த்து, இரும்பின் முகமெங்கும் கிராஃபைட்டை மெழுகிவிடும்.

அப்புறம் அடுப்புக்கரித் தணலில் பெடல் முழுவதையும் வைத்துச் சூடேற்றினார். ஒரு மூலை மட்டும் சூடாகி மற்றது குளிர்ந்திருந்தால்தானே சண்டை வரும். எல்லாமாகச் சேர்ந்து விரிந்து, எல்லாமாகச் சேர்ந்து சுருங்கட்டும் என்பது கணக்கு. காது மங்கிய சிவப்புக்கு வந்ததும் கேஸ் சுடரைக் காட்டி, பித்தளைக் கம்பியின் நுனியை வெங்காரத்தில் தோய்த்து வைத்தார். வார்ப்பிரும்பு உருக 1150 டிகிரிக்கு மேல் வேண்டும். பித்தளைக் கம்பிக்கு 900 டிகிரி போதும். அதனால் இரும்பு உருகவே இல்லை. பித்தளை மட்டும் இளகி, வாய்க்காலில் ஓடி, இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டு நின்றது. நான் அதுவரை பேசாமல் இருந்ததை மனைவி அதிசயமாகப் பார்த்தாள். வாயைத் திறந்தால் புகை போகும் என்பதுதான் காரணம்.

அவர் பெடலைத் தூக்கி, சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் நிரம்பிய ஒரு பழைய டிரம்முக்குள் புதைத்தார். "ராத்திரி முச்சூடும் ஆறோணும். நாளைக்கு வாங்க. நடுவுல தோண்டிப் பாக்காதீங்க" என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். பூக்காரம்மா முன்கூட்டியே விவரம் கொடுத்திருக்க வேண்டும். கூலியைக் கேட்டபோது, என் ஆராய்ச்சிக் கண்ணாடியின் ஃபிரேமுக்குக்கூட அது காணாது என்று தெரிந்தது.

மறுநாள் வந்து மாட்டியாயிற்று. மனைவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளி, மிதித்தாள். கிளைட்பேங்கில் பிறந்த மிஷின் கடகடவென்று ஓடியது. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அம்மா ஃபால்ஸ் அடிக்கப் புடவையோடு வந்துவிட்டார். காதுக்கு அடியில் தங்க நிறத்தில் பித்தளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. டார்ச் அடித்து, "இதில் பாருங்கள், இரும்பு உருகவே இல்லை" என்று ஆரம்பித்தேன். "ஒட்டியாச்சில்லீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் புடவையைப் பிரித்தார். வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். விரிசல் இருந்தவரை குனிந்து பார்த்தவர்கள், சரியான பிறகு நிமிர்ந்தே காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். முன்பு பாராட்டிய பெரியவர் கூட, "பரவால்லையே, உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க" என்றார். அவருக்கு அன்று ஒரு காப்பிதான்.

மிஷினின் தோல் பெல்ட் நைந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதை என் துறைக்குக் கீழ் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். காலையிலேயே புது பெல்ட் போட்டாகிவிட்டது என்று தெரிந்தது. நேற்று மத்தியானம் கிரைண்டரின் பக்கம் ஒரு வித்தியாசமான சத்தம் கேட்டதாக எனக்குத் தோன்றியது. கருவிப் பெட்டியை எடுக்கப் போனேன்.

பெட்டி, தடித்த ஜீன்ஸ் துணியில் தைத்த ஒரு புது உறைக்குள் இருந்தது. மிஷின் ஓடத் தொடங்கியதும் ப்ளவுஸுக்கும் முன்பாகத் தைத்ததாம். அளவெடுத்த கச்சிதம், இரட்டைத் தையல், ஓரத்தில் பைப்பிங் கூட வைத்திருந்தாள். நாலு புறமும் திருப்பிப் பார்த்தேன். திறக்கும் வழியை மட்டும் எங்கும் வைக்கவில்லை.